துறைச் சுவரும் தொழிற்சாலை வாயிலும்

'ஒரே ஒரு திருகாணியை மட்டும் அறிந்த மனிதன்' என்று சொன்னால், உங்கள் நினைவுக்கு வருபவன் யார்? ஒரகடத்திலே, ஓடிக்கொண்டே இருக்கும் லைனின் ஓரத்திலே நின்று, தன் முன்னே வந்து நிற்கும் வண்டியில், ஒரே இடத்தில், ஒரே திருகாணியை, ஒரே முறுக்கில் முடுக்கி அனுப்பிவிட்டு, அடுத்த வண்டிக்குக் கை நீட்டும் தொழிலாளிதான் நினைவுக்கு வருவான். அவன் முடுக்கிய திருகாணிகள் ஆயிரம் ஆயிரம். அவன் கைபட்ட வண்டிகள் உலகெங்கும் ஓடுகின்றன. ஆனால் வண்டி முழுவதையும் அவன் அறியான். அறிய வேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு!

இன்னொருவரும் இருக்கிறார். அவர் கையிலே கரி இல்லை. சட்டையிலே எண்ணெய் இல்லை. பெயருக்கு முன்னே முனைவர் பட்டம் உண்டு. மேசையின்மீது தடித்த ஏடுகள் உண்டு. அவரும் ஒரே ஒரு திருகாணியை மட்டும் அறிந்தவராகவே ஆக்கப்பட்டிருக்கிறார். அவர்தான் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்!

வேடிக்கையாகச் சொல்லவில்லை, வேதனையோடு சொல்கிறேன். பெயரைப் பாருங்கள் — பல் கலைக் கழகம்! பெயரிலே பல கலை; நடப்பிலே, அறைக்கு ஒரு கலை, அறைக்கு ஒரு பூட்டு. இயற்பியலார் ஒரு கட்டடம், உயிரியலார் ஒரு கட்டடம், பொருளியலார் ஒரு கட்டடம், தமிழாசிரியர் ஒரு கட்டடம். நடுவிலே தோட்டம் உண்டு, தொடர்பு இல்லை. முப்பதாண்டு அடுத்தடுத்த கட்டடத்தில் இருந்தவர்கள், ஓய்வுபெறும் விழாவிலேதான், "தாங்கள் ஆராய்ந்தது யாது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நிலை!

இந்த நோய்க்கு மருந்தாக இன்று ஒரு முறை கையாளப்படுகிறது. ஒரு துறைப் பேராசிரியர், பிற துறையினர் கூடிய அவையிலே, அவர்களுக்கும் விளங்கும் மொழியிலே, தம் ஆய்வைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவது. கேட்டவர்கள் வினா எழுப்புவது. அந்த வினாவிலிருந்து இரு துறையும் சேர்ந்து செய்யும் புது ஆய்வு பிறப்பது. துறையிடைச் சொற்பொழிவு என்று இதற்குப் பெயர். நல்ல முறை. வரவேற்கிறோம். வாழ்க என்று சொல்கிறோம். ஆனால் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. பேராசிரியருக்கு வேண்டும் என்று கண்டறிந்த இந்த மருந்து, அதே நோய் கண்ட தொழிலாளிக்கு வேண்டாமா? கிண்டியிலே நடக்கும் அந்தச் சொற்பொழிவு, திருப்பெரும்புதூரிலே, ஒரகடத்திலே, வல்லம் வடகாலிலே ஏன் நடக்கக்கூடாது? இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

சொற்பொழிவினால் என்ன விளையும் என்று ஏளனம் பேசுவோர் உண்டு. பேச்சினாலே வளர்ந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். நமக்கு அந்த ஏளனம் புதிதல்ல. ஆயினும் சான்று காட்டுவோம்.

அயர்லாந்து நாட்டை அறிவீர்கள். ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற நாடு. அதன் தலைமை அமைச்சராக இருந்த டிவேலரா, கணக்கு ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் 1940-இல் டப்ளின் நகரிலே ஓர் உயர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். முதலில் அதற்கு எத்தனை பிரிவு தெரியுமா? இரண்டே இரண்டு. ஒன்று, கோட்பாட்டு இயற்பியல். மற்றொன்று, கெல்டிக் மொழி ஆய்வு! தாய்மொழியும் தலைசிறந்த விஞ்ஞானமும் ஒரே கூரையின்கீழ்! மொழிப்பற்று என்றாலே பழமைப்பற்று என்று நம்மை நையாண்டி செய்தவர்கள், டிவேலராவின் நிலையத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த நிலையத்துக்கு, நாஜிகளின் பிடியிலிருந்து விலகி வந்து சேர்ந்தவர் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியல் அறிஞர். அணுவின் கணக்கை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர். 1943 பிப்ரவரியிலே அவர் பொதுமக்கள் முன்னிலையில் சொற்பொழிவு ஆற்றினார். பொருள் என்ன? அணுவா? இல்லை. 'உயிர் என்றால் என்ன?' என்பது! உயிரியல் அவர் துறையன்று; அதை அவரே ஒப்புக்கொண்டார். இருந்தும் பேசினார். ஏறத்தாழ 400 பேர் கேட்டார்கள். நாட்டின் தலைமை அமைச்சரே வந்து அமர்ந்து கேட்டார். மறு ஆண்டு அந்தச் சொற்பொழிவு நூலாயிற்று. அதைப் படித்துத் தூண்டுதல் பெற்றவர்களுள் இருவர், கிரிக், வாட்சன். ஒருவர் இயற்பியல் பயின்றவர், மற்றவர் உயிரியல் பயின்றவர். இருவரும் சேர்ந்து 1953-இல், பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்ற புதிருக்கு விடையான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டு சொன்னார்கள். ஒருவர் தம் சுவரைத் தாண்டி வந்து பேசினார்; பத்தே ஆண்டில் உயிரின் கதவு திறந்தது!

"அயர்லாந்திலே நடக்கும்; இங்கே நடக்குமா?" என்பீர்கள். நடந்தது, தோழர்களே. நம் சென்னையிலே நடந்தது.

அப்போது சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவரான இராமசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். 1942 முதல் 1969 வரை அந்தப் பொறுப்பிலே இருந்தவர். தொழிலால் மகப்பேறு மருத்துவர். ஆனால் தொழில்நுட்பத்தையும் இயற்பியலையும் தம் பிள்ளைபோல வளர்த்தவர். அவர் காலத்திலே, 1952-இல், இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என். இராமச்சந்திரன். வயது முப்பதுகூட நிரம்பாத இளைஞர்.

அதே 1952-இல், இங்கிலாந்திலிருந்து பெர்னால் என்ற அறிஞர் சென்னைக்கு வந்தார். விஞ்ஞானம் உழைக்கும் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர். அவர் பேச்சினிடையே ஒன்று சொன்னார்: தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் 'கொலாஜன்' என்ற புரதத்தின் கட்டமைப்பை இதுவரை எவரும் சரியாகக் கண்டறியவில்லை என்று. இளைஞர் இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இயற்பியல் துறையிலே கொலாஜன் ஏது? கருவி உண்டு, கணக்கு உண்டு, பொருள் இல்லை!

பொருள் எங்கே கிடைத்தது தெரியுமா? பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலே! 1948-இல் அமைக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அடையாற்றிலே, பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து வந்தது கங்காரு வாலின் தசைநார். அதன் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்து, கணக்குப் போட்டு, கோபிநாத் கர்த்தா என்ற தோழரோடு சேர்ந்து, 1954-இல் இராமச்சந்திரன் உலகுக்கு அறிவித்தார்: கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றது என்று. அடுத்த ஆண்டிலே அதைத் திருத்திச் செப்பமாக்கினார். உலக ஆய்வுக்கூடங்கள் சென்னையைத் திரும்பிப் பார்த்தன.

மூன்று இழை முறுக்கிய கயிறு! அதாவது, முப்புரி! ஒரு சிலர் தோளின்மீது மட்டும் கிடப்பதாலே உயர்வு என்று இந்த நாட்டிலே முப்புரியைப் பற்றிப் பேசினார்கள் அல்லவா? விஞ்ஞானம் சொல்லிவிட்டது: தோளின்மீது கிடப்பதல்ல, தோழா, எல்லோர் தோலுக்குள்ளும் இருக்கிறது முப்புரி! கோடீசுவரன் தோலிலும் உண்டு. கூலிக்காரன் தோலிலும் உண்டு. தோல் பதனிடுவதால் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் தோலிலும் உண்டு!

இதிலே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெர்னாலின் பேச்சு விதை. இராமச்சந்திரனின் அறிவு நிலம். ஆனால் பயிர் விளைந்தது, பக்கத்திலே ஒரு தொழிலின் வாயில் திறந்திருந்ததாலே! குரோம்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டு வயிறு வளர்த்த ஆயிரமாயிரம் தொழிலாளரின் தொழில் இங்கே இருந்தது. அதனால் தோல் நிலையம் இங்கே வந்தது. அதனால் உலகப் புகழ் இங்கே பூத்தது. தோல் நிலையத்துக்கும் பல்கலைக் கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் இடையே, கதவே வைக்காத ஒரு வாயில் உண்டு. கதவில்லாத வாயில் என்றே அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் இந்தப் பக்கம் வரலாம், அந்தப் பக்கம் போகலாம்.

அந்தக் கதவில்லாத வாயிலைத்தான் ஒரகடத்திலே கட்ட வேண்டும் என்கிறேன்!

ஒரகடத்துக்கு வாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். ஏரியும் வயலுமாக இருந்த நாடு இது. 1990-களின் பிற்பகுதியிலே இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. பிறகு கண்ணாடி வந்தது, கைப்பேசி வந்தது. 2010-இல் ஒரகடத்தில் கார் ஆலையும், 2012-இல் சரக்கு வண்டி ஆலையும், 2013-இல் மோட்டார் சைக்கிள் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் மைய அரசின் வாகன ஆராய்ச்சி நிலையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது.

பெரியார் 1940-களிலே 'இனி வரும் உலகம்' என்று பேசியபோது, கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றார். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர், எந்த விஞ்ஞானத் துறையையும் சேராதவர், எல்லாத் துறையையும் எட்டிப்பார்த்துச் சொன்னார். சிரித்தார்கள் சிலர். இன்று, அந்தக் கருவியைச் செய்பவர்களே சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் நம் வீட்டுப் பெண்கள்!

அந்தப் பெண்ணின் உள்ளத்திலே ஒரு கேள்வி இருக்கிறது. "ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. பகலிலே படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. தலை கனக்கிறது, வயிறு கெடுகிறது. ஏன்?" எளிய கேள்வி. இதற்கு விடை எந்தத் துறையிலே இருக்கிறது?

உயிரியலார் சொல்வார்: உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, பழ ஈயை ஆராய்ந்து அதன் இயக்கத்தைக் கண்ட மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு தந்தார்கள். மருத்துவர் சொல்வார்: உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பட்டியலில் 2007-இலேயே சேர்த்தது, 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. பொறியியலார், விளக்கின் ஒளியையும் இயந்திரத்தின் ஓசையையும் அளந்து சொல்வார். கட்டடக் கலைஞர், பகலிலே படுப்பவர்கள் விடுதியின் சன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வார். பொருளியலார், ஷிப்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினால் கம்பெனிக்கு என்ன செலவு என்று கணக்குச் சொல்வார். சட்ட அறிஞர், இதிலே எதற்குச் சட்டம் உண்டு, எதற்கு இல்லை என்பார்.

ஆக, கேள்வி ஒன்று. விடை ஆறு அறைகளில் ஆறு துண்டுகளாகக் கிடக்கிறது! ஆறு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்தாலன்றி அந்தப் பெண்ணுக்கு விடை இல்லை. உடல் துறை துறையாக வலிப்பதில்லை, தோழர்களே! வலி முழுதாக வருகிறது. அறிவு மட்டும்தான் துண்டு துண்டாக வருகிறது.

2021 டிசம்பரிலே என்ன நடந்தது? விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நோயுற்றார்கள். உடன் உழைத்தவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே வந்து அமர்ந்தார்கள். எங்கே தங்குகிறோம், எதைத் தின்கிறோம், எத்தனை பேர் ஓர் அறையில் என்று அவர்கள் எழுப்பிய வினா நாடெங்கும் கேட்டது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பெண்கள் தங்கும் விடுதிகள் திறக்கப்பட்டன. நல்ல பணி. நான் கேட்பது இதுதான்: சோற்றிலே நஞ்சு கலந்த பிறகுதானா வினா எழ வேண்டும்? சாலையிலே அமர்ந்த பிறகுதானா அது எட்ட வேண்டும்? வினாவுக்கென்று ஓர் அவை, வினாவுக்கென்று ஒரு நாள் முன்பே இருந்திருக்கக் கூடாதா?

"தொழிலாளியிடம் கேட்டு விஞ்ஞானம் வளருமா?" என்று மூக்கின்மேல் விரல் வைப்போர்க்கு, இத்தாலி நாட்டு மோடெனா நகரத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ராமசீனி என்று ஒரு மருத்துவர், கல்லூரிப் பேராசிரியர். அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வந்தான். பரபரவென்று வேலை செய்தான். "ஏனப்பா இத்தனை அவசரம்? மெல்லச் செய்யக்கூடாதா?" என்றார் மருத்துவர். அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான், இந்தக் குழியிலே நாலு மணி நேரத்துக்குமேல் நின்றால் கண் போய்விடும் என்று. மருத்துவர் திடுக்கிட்டார். ஊரிலே விசாரித்தார், அந்தத் தொழில் செய்து கண் மங்கியவர்களைக் கண்டார். பிறகு ஒவ்வொரு தொழிலிடமாகச் சென்று பார்த்தார் — குயவர், கண்ணாடி ஊதுவோர், சுரங்கத்தார், தறிகாரர். 1700-ஆம் ஆண்டு, தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வினாக்களோடு, "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். தொழில்சார் மருத்துவம் என்ற தனித் துறையே அதிலிருந்து வளர்ந்தது. குழிக்குள்ளே நின்றவன் சொன்ன ஒரு சொல், துறைக்கு விதையாயிற்று!

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறைகள் சேர்ந்தாலே நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலே டெய்லர் என்ற பொறியாளர், தொழிலாளியின் உடலசைவை ஆராய்ந்தார். பொறியியலும் உண்டு அதில், உடலியலும் உண்டு, கணக்கும் உண்டு. கையிலே கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னே நின்று, இந்தக் கை இத்தனை நொடியில் திரும்ப வேண்டும் என்று அளந்தார். 1911-இல் 'அறிவியல் முறை மேலாண்மை' என்று நூலும் எழுதினார். அதே ஆண்டு, வாட்டர்டவுன் என்ற ஊரின் அரசுப் படைக்கலச் சாலையிலே, கடிகாரத்தோடு பின்னால் நிற்காதே என்று வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ராமசீனியும் தொழிலாளியை ஆராய்ந்தார். டெய்லரும் தொழிலாளியை ஆராய்ந்தார். வேறுபாடு எங்கே? ராமசீனி தொழிலாளியைக் கேட்டார். டெய்லர் தொழிலாளியை அளந்தார். கேட்டதிலே மருத்துவம் பிறந்தது. அளந்ததிலே அவசரம் பிறந்தது! ஆகவேதான் அழுத்திச் சொல்கிறேன்: துறைகள் கூடும் அவையிலே தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும். பார்வையாளர் நாற்காலி அல்ல. வினா எழுப்பும் நாற்காலி. அந்த நாற்காலி காலியாக இருந்தால், நாளை, "இன்னும் எத்தனை திருகாணி முடுக்கலாம்?" என்ற ஒன்றையே ஆறு துறையும் கூடி ஆராயும்!

மறுப்புகள் வரும். வரட்டும்.

"தொழிலாளிக்குப் புரியாது" என்பார்கள். யாருக்குப் புரியாது? இயந்திரத்தின் ஓசை சற்றே மாறினால், பேரிங் தேய்ந்துவிட்டது என்று திரும்பிப் பாராமலே சொல்கிறவனுக்கா? சாக்ரட்டீசையும், வால்டேரையும், ரூசோவையும், இங்கர்சாலையும் சந்தைத் திடலிலே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலே, கைவண்டி இழுப்பவரும் கைத்தறி நெய்பவரும் கேட்டுத் தலையசைத்த நாடு இது! இதே மாவட்டத்துக் காஞ்சியிலே, நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அண்ணா, பொருளாதாரத்தையும் உலக வரலாற்றையும் பாமரருக்குச் சொன்னபோது, புரியவில்லை என்று எழுந்து போனவர் எவர்? புரியாமற் போவது கேட்பவர் குறையன்று. சொல்லத் தெரியாதவர் குறை. இங்கிலாந்திலே, கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் பயிற்சியாள் ஒருவன், 1812-இல் டேவி என்ற அறிஞரின் சொற்பொழிவைக் கேட்டான். கேட்டதை எழுதி, தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினான். மறு ஆண்டு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். அவன்தான் பாரடே! ஒரகடத்திலே ஓடும் ஒவ்வொரு மின்மோட்டாரும் அவன் பரம்பரை!

"தமிழிலே சொல்ல முடியாது" என்பார்கள். அண்ணா பல்கலைக் கழகத்திலே 2010-இலேயே கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழிலே கற்பிக்கத் தொடங்கியாயிற்று. கார்புரேட்டரைக் கார்புரேட்டர் என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. கருத்தைத் தமிழிலே சொல்லுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் பக்கத்திலே நின்று உழைப்பவனுக்கு அவன் மொழியிலும் சொல்லுங்கள். இந்தித் திணிப்பை எதிர்த்தோம், எதிர்ப்போம். இந்தி பேசும் ஏழை நமக்குப் பகைவனல்லன். தாய்மொழியிலே அறிவு பெறும் உரிமை நமக்கு உண்டென்றால், அவனுக்கும் உண்டு.

"சொற்பொழிவு சோறு போடுமா?" என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. போடாது. சொற்பொழிவு சம்பளத்துக்கு ஈடாகாது; சங்கத்துக்கு ஈடாகாது; நிரந்தர வேலைக்கு ஈடாகாது. கான்ட்ராக்ட் முறையின் கொடுமையைச் சொற்பொழிவு நீக்கிவிடாது. சங்கத்தின் உரிமைக்காக 2024-இல் சுங்குவார்சத்திரத்திலே 37 நாட்கள் நின்றார்களே, அந்த உறுதிக்கு மாற்றாக எதையும் நான் கொண்டுவரவில்லை. ஆனால் 2014-ஐ நினைத்துப் பாருங்கள். உலகமே பெயர் சொன்ன கைப்பேசி ஆலை, 2006-இல் திறந்தது, எட்டே ஆண்டில் மூடியது. வரி வழக்கு ஒரு பக்கம். கம்பெனி கைமாறியது ஒரு பக்கம். பொத்தான் கைப்பேசி போய்த் தொடுதிரைக் கைப்பேசி வந்தது ஒரு பக்கம். மூன்றும் மூன்று துறை. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, "காற்று திசை மாறுகிறது, விழித்துக்கொள்" என்று அந்தத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னவர் யார்? இன்று பெட்ரோல் எஞ்சின் போய் மின்சார வண்டி வருகிறது. எஞ்சினைச் செய்யும் கைகள் நாளை எதைச் செய்யும்? முன்கூட்டி அறிந்தவன் முன்கூட்டிக் கேட்பான். அறியாதவன், நோட்டீசு ஒட்டிய பிறகு அழுவான்.

திருப்பெரும்புதூர் என்றவுடன் இன்னொருவர் நினைவும் வருகிறது. இராமானுசர் பிறந்த ஊர் அது. நாம் பகுத்தறிவாளர், பக்திக் கதை பேசுவது நம் வழக்கமன்று. ஆயினும் அவரைப் பற்றி வழங்கும் ஒரு செய்தியிலே நமக்குப் பாடம் உண்டு. அதனால்தான் கலைஞர், தம் முதுமையிலே, 2015-இல், அவர் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். 'எவருக்கும் சொல்லாதே; சொன்னால் நரகம்' என்று குரு ஓதிய மறைபொருளை, திருக்கோட்டியூர்க் கோபுரத்திலே ஏறி நின்று ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னாராம். "நான் ஒருவன் நரகம் போனால் என்ன, எல்லோரும் கடைத்தேறட்டும்" என்றாராம். மந்திரத்தை விடுங்கள், மனத்தைப் பாருங்கள். பூட்டி வைத்ததைப் பொதுவாக்கினார்! கோபுரத்திலே ஏறிச் சொல்ல ஒருவர் அன்று இருந்தார். இன்று, ஆய்வுக்கூடத்துப் படியிறங்கி வந்து சொல்லப் பேராசிரியர்களை அழைக்கிறோம். நரகம் கிடையாது, போகவர வண்டிச் செலவும் தரலாம்!

அறிவைப் பூட்டி வைப்பது இந்த மண்ணுக்குப் பழைய நோய். ஓதுபவன் ஒருவன், உழைப்பவன் ஒருவன். ஓதுபவன் உழைக்கக்கூடாது, உழைப்பவன் ஓதக்கூடாது என்று வகுத்தார்கள். கருவியைத் தொட்டவனுக்கு ஏடு இல்லை. ஏட்டைத் தொட்டவனுக்குக் கருவி தெரியாது. அதனாலேயே, உருக்கிலும் நெசவிலும் சிற்பத்திலும் உலகம் வியந்த கைகள் இருந்தும், அந்தக் கையின் நுட்பம் பெரும்பாலும் கையோடே போயிற்று. துறைச் சுவர் நேற்று எழுந்தது. இந்தச் சுவர் நூறு தலைமுறைக்கு முன் எழுந்தது. துறைச் சுவரை மட்டும் இடித்துவிட்டுத் தொழிற்சாலைச் சுவரை விட்டுவைத்தால், பழைய வீட்டிலே புது வெள்ளை அடித்த கதைதான்.

என்ன செய்யலாம்? நான்கு சொல்கிறேன்.

ஒன்று: மாதம் ஒரு ஞாயிறு, ஒரகடத்திலே துறையிடைச் சொற்பொழிவு. இடம் தேடி அலைய வேண்டாம். 2023-இலே நம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களிலே புதிய தொழில்நுட்ப மையங்கள் அமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஒரகடமும் அதிலே இடம்பெற்றது. பிள்ளைகள் பயிலும் அந்தக் கூடத்திலேயே பெரியவர்களும் அமரலாம். ஞாயிறும் ஷிப்டு உள்ளவர்களுக்காக, விடுதிகளிலே அதே சொற்பொழிவை மறுமுறை நடத்தலாம்.

இரண்டு: ஒரு மேடையிலே ஒரு பேராசிரியர் அல்ல; இரு துறையைச் சேர்ந்த இருவர். ஒரே கேள்வியை இருவரும் இரு பக்கமிருந்து பேச வேண்டும். தூக்கத்தைப் பற்றி மருத்துவரும் பொறியியலாரும். மின்சார வண்டியைப் பற்றி வேதியியலாரும் பொருளியலாரும். ஏரி வற்றியதைப் பற்றி நீரியலாரும் வரலாற்றாசிரியரும்.

மூன்று: பேச்சுக்குப் பாதி நேரம், வினாவுக்குப் பாதி நேரம். எழுந்து கேட்கக் கூசுபவர்கள் சீட்டிலே எழுதித் தரட்டும். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். ஒவ்வொரு வினாவும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். விடை கிடைத்த வினாவுக்கு அடுத்த மாதம் விடை. விடை இல்லாத வினா, பல்கலைக் கழகத்திலே ஆய்வுப் பொருளாக வேண்டும். ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் தவிக்கும் மாணவர்கள் எத்தனை பேர்! இங்கே வாருங்கள், தம்பிமார்களே. தலைப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

நான்கு: ஆய்வின் முடிவு, வினாவை எழுப்பிய தொழிலாளிக்கு, அவன் மொழியிலே, திரும்பி வர வேண்டும். வெளிநாட்டு ஏட்டிலே வெளியானால் போதாது. வயலிலே எடுத்த நெல், வயற்காரன் வீட்டுக்கும் ஒரு மரக்கால் வர வேண்டும்.

இதிலே அரசு செய்ய வேண்டியது பாதி. நாம் செய்ய வேண்டியது பாதி. கழகத் தோழர்களே, படிப்பகம் என்ற சொல்லை மறந்துவிட்டோமா? தேநீர்க் கடையும் முடிதிருத்தும் கடையும் பள்ளிக்கூடமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு, நூறு பேருக்குச் சொன்ன காலம் அது. அந்தப் படிப்பகங்களிலே மின்விளக்கு மங்கல்; அறிவு விளக்கு பொங்கல்! இன்று நம் கிளைக் கழகங்களுக்குக் கட்டடம் உண்டு, நாற்காலி உண்டு, ஒலிபெருக்கி உண்டு. மாலை வாங்கும் செலவிலே ஒரு பகுதியைக் குறைத்து, இரு பேராசிரியர்களை அழைத்து வாருங்கள். கட்சிக் கொடி கட்ட வேண்டாம். மாற்றுக் கட்சித் தோழனும், எக்கட்சியும் சேராத தங்கையும் வந்து அமரட்டும். அறிவுக்கு உறுப்பினர் சீட்டு எதற்கு?

பேராசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு சொல். வாருங்கள் என்று அழைப்பது உங்களுக்குச் சுமை ஏற்ற அல்ல. பெர்னாலின் ஒரு பேச்சு இராமச்சந்திரனுக்குக் கொலாஜனைக் காட்டியது. குழிக்குள் நின்றவனின் ஒரு சொல் ராமசீனிக்கு ஒரு துறையையே காட்டியது. ஒரகடத்துப் பெண்ணொருத்தி எழுந்து கேட்கப்போகும் கேள்வி உங்களுக்கு எதைக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்?

தோழர்களே, ஒரு திருகாணியை மட்டும் அறிந்தவனாக நம்மை நிறுத்தியிருக்கிறார்கள். முழு வண்டியையும் அறிந்தவனாக நாம் ஆக வேண்டும். வண்டியை அறிந்தவன் வழியைக் கேட்பான். வழியைக் கேட்பவன், வண்டி எங்கே போகிறது, யாரை ஏற்றிக்கொண்டு போகிறது, யாரை இறக்கிவிட்டுப் போகிறது என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் இயக்கம் பிறந்தது. அந்தக் கேள்விக்கு ஒரகடத்திலே ஒரு மேடை போடுவோம்.

முதல் ஞாயிறு எது என்று நீங்கள் சொல்லுங்கள்!